அப்பாவின் நடைக்கு வாங்கிய தாளக்கருவி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

நாகர்கோவில் வடசேரியில் உள்ள ஓர் இசைக்கருவிக் கடையில் ஆறு மாதங்களுக்கு முன்பு 850 ரூபாய் கொடுத்து ஒரு சிறிய டிஜிட்டல் மெட்ரோனோம் வாங்கினேன். கீபோர்டும் கிதாரும் பழகும் பிள்ளைகள் தாளம் பிசகாமல் வாசிப்பதற்காகச் செய்யப்படும் இந்தக் கருவியை, பார்க்கின்சன் நோயால் நடை தடுமாறிப்போன என் அப்பாவுக்காக, அவருடைய இயன்முறை மருத்துவர் சொன்னதன் பேரில் வாங்கினேன். இதே தேவை உள்ள வீடுகள் நம் மாவட்டத்தில் பல இருக்கும் என்பதால், கருவியின் நிறைகுறைகளோடு, அது எதனால் பயன்படுகிறது, எப்போது பயன்படாது என்பதையும் விரிவாகவே எழுதுகிறேன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள் நான். எனவே ஊசல்களைப் பற்றிய பகுதி சற்று நீண்டுவிடும். ஆனால் அந்தப் பகுதி புரிந்த பிறகுதான் இந்தக் கருவியைச் சரியாகக் கையாள எனக்குத் தெரிந்தது.

அப்பா வில்லிசைக் குழுவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடம் அடித்தவர். பங்குனியும் சித்திரையும் வந்துவிட்டால் சுடலைமாடன் கோயில், முத்தாரம்மன் கோயில் என்று கொடைக்குக் கொடை போய்க்கொண்டே இருப்பார். ஒரு கையால் பத்தி எனப்படும் தட்டையான மட்டையைக் குடத்தின் வாயில் அறைந்து, மறு கையிலுள்ள நாணயத்தால் குடத்தின் வயிற்றில் தட்டி, விடிய விடியத் தாளம் விடாமல் இருந்தவருக்கு, நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வலது கைப் பெருவிரல் தானாக ஆடத் தொடங்கியது. பிறகு நடையும் மாறியது. அடி குறுகியது, கை வீச்சு நின்றது, வாசலைத் தாண்டும்போதெல்லாம் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. அடுக்களை வாசற்படிக்கு முன்னால் அவர் நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால், உடம்பு முன்னே போகத் துடிப்பதும், குதிகால் மட்டும் நடுங்கியபடி மேலெழாமல் இருப்பதும் தெரியும். "கால் கேக்கமாட்டேங்குது மக்களே" என்பார். சில நொடிகள் கழித்து, யாரும் எதுவும் செய்யாமலே, அது விட்டுவிடும்.

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் 1817இல் 'நடுக்குவாதம்' என்று விவரித்த இந்த நோயில், நடுமூளையில் உள்ள கருநிறப் பகுதியில் டோப்பமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்கள் படிப்படியாக அழிகின்றன. அடித்தள முடிச்சுகள் எனப்படும் மூளையின் ஆழ்பகுதிகள், யோசிக்காமலே தொடரும் அசைவுகளை உரிய நேரத்தில் தொடங்கி வைப்பதற்கும் அடுத்தடுத்து நகர்த்துவதற்கும் அந்த டோப்பமைனை நம்பியிருக்கின்றன. அப்பாவின் தசைகளில் வலு இருக்கிறது. வழுக்காத தரையில், நல்ல நேரத்தில், தேர் இழுத்தவரைப் போல நடக்கிறார். அவருக்குள்ளிருந்து வர வேண்டிய கால அளவுதான் வரவில்லை. லெவோடோப்பா மாத்திரை அதை ஓரளவு மீட்டுத் தருகிறது. ஆனால் மாத்திரையின் வேகம் இறங்கும் நேரங்களில் வாசற்படி மறுபடியும் மலையாகிவிடுகிறது.

இனி கருவி. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. சட்டைப் பையிலோ இடுப்பு வாரிலோ மாட்டிக்கொள்ளப் பின்புறம் ஒரு கவ்வி. நிமிடத்துக்கு 30 முதல் 250 தட்டுகள் வரை ஒவ்வொன்றாகக் கூட்டலாம், குறைக்கலாம். எத்தனை தட்டுக்கு ஒருமுறை அழுத்த ஒலி வர வேண்டும் என்பதையும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். காதொலிப்பான் செருகத் துளை இருக்கிறது. சிறிய வட்ட பேட்டரியில் ஓடுகிறது. கடைக்காரரிடம் எதற்காக வாங்குகிறேன் என்று சொன்னதும் நான்கைந்து கருவிகளை எடுத்து வைத்து, "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வாங்க டீச்சர், எந்தச் சத்தம் அவருக்குத் தெளிவா கேக்குதுன்னு பாத்துட்டு வாங்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தக் கடைக்கு மறுபடியும் போவேன். மறுநாள் அப்பா நேரில் வந்து, மெல்லிய பீப் ஒலி எழுப்பியவற்றை ஒதுக்கிவிட்டு, மரக்கட்டையில் தட்டியது போல வறண்ட ஒலி தந்த இதைத் தேர்ந்தெடுத்தார்.

முதல் நாளே நான் ஒரு பெரிய தவறு செய்தேன். நல்ல நடை என்றால் நிமிடத்துக்கு நூறு அடிக்கு மேல் என்று படித்திருந்ததால், கருவியை 110இல் வைத்து, "இதுக்குத் தக்கன நடங்கப்பா" என்றேன். அவர் முயன்றார். அடி மேலும் மேலும் குறுகி, குதிகால் தூக்கி, உடம்பு முன்னே சரிந்து, ஓட்டம் போலாகிவிட்டது. அம்மா ஓடி வந்து பிடிக்காமல் இருந்திருந்தால் விழுந்திருப்பார். அன்று இரவு கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிழை கருவியில் இல்லை என்பது, வகுப்பில் நானே ஆண்டுதோறும் சொல்லும் ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தபோதுதான் புரிந்தது.

1665ஆம் ஆண்டு பிப்ரவரியில், உடல்நலமின்றிப் படுத்திருந்த கிறிஸ்டியான் ஹைகன்ஸ், ஒரே தாங்கியில் தொங்கிய தம் இரண்டு ஊசல் கடிகாரங்களும் எதிரெதிர்த் திசையில் துல்லியமாகச் சேர்ந்து ஆடுவதைக் கண்டார். ஒன்றைக் கலைத்துவிட்டாலும் அரை மணி நேரத்தில் அவை மறுபடியும் சேர்ந்துகொண்டன. தாங்கியின் வழியே கடத்தப்படும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய அசைவுதான் அவற்றை இணைத்தது. இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு கடிகாரங்களின் இயல்பான வேகமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தது என்பதே. வேக வேறுபாடு சிறிதாக இருந்தால் மெல்லிய பிணைப்பே போதும். வேறுபாடு பெரிதானால், பிணைப்பு எவ்வளவு வலுவாக இருக்க வேண்டுமோ அவ்வளவு வலு கிடைக்காமல், இரண்டும் தத்தம் வழியில் போய்விடும். அப்பாவின் கால்கள் தமக்கென்று ஒரு வேகம் வைத்திருந்தன. அதை நான் எண்ணிக்கூடப் பார்க்காமல், எங்கோ படித்த ஒரு வேகத்தை அவர் மேல் சுமத்தியிருந்தேன்.

மறுநாள் காலை, மாத்திரை வேலை செய்யும் நேரத்தில், அவரை இயல்பாக நடக்கச் சொல்லி ஒரு நிமிடத்துக்கு அடிகளை எண்ணினேன்: 84. கருவியை 84இல் வைத்தேன். முதல் நான்கு தட்டுகளுக்கு நின்று கேட்கச் சொல்லி, ஐந்தாவதில் வலது காலை எடுக்கச் சொன்னேன். அடுக்களை வாசற்படியை அவர் நிற்காமல் தாண்டினார். அம்மா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். மூன்று வாரம் 84இலேயே ஓட்டி, பிறகு மருத்துவர் சொன்னபடி 88க்கு ஏற்றினோம். அதற்கு மேல் இன்றுவரை ஏற்றவில்லை.

தாளத்தோடு நடக்கும் இந்தப் பயிற்சி நம் வீட்டுக் கண்டுபிடிப்பு அல்ல. மைக்கேல் தாவுட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மூன்று வாரம் வீட்டிலேயே தாள ஒலியோடு நடைப்பயிற்சி தந்து, 1996இல் அதன் பலனை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் நடைவேகம் 25 சதவீதமும், அடியின் நீளம் 12 சதவீதமும் கூடியிருந்தன. தாளமின்றித் தாமாக நடந்து பழகியவர்களின் முன்னேற்றம் அதைவிடக் குறைவாக இருந்தது. காதுக்கு வரும் சீரான ஒலி, பழுதுபட்ட உள்தாளத்தைச் சுற்றிக்கொண்டு, சிறுமூளை போன்ற வேறு பாதைகளின் வழியாக அசைவுக்கான பகுதிகளோடு பிணைகிறது என்பது இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம்.

ஆனால் பிணைதல் என்பது உடலுக்குள் உண்மையில் எப்படி நடக்கிறது என்ற கேள்விக்கு, எனக்கு மிகவும் தெளிவான விடை தந்தது ஸ்காட் கெல்சோ என்ற அறிவியலாளரின் விரல் சோதனை. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு ஆட்காட்டி விரல்களையும் மேசை மேல் நீட்டி, கார் கண்ணாடியின் துடைப்பான்களைப் போல, இரண்டும் ஒரே நேரத்தில் இடப்பக்கம், ஒரே நேரத்தில் வலப்பக்கம் என்று மெதுவாக ஆட்டுங்கள். பிறகு சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில், நீங்கள் விரும்பாமலே, விரல்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே வந்து வெளியே போகும் சமச்சீர் அசைவுக்கு மாறிவிடும். இப்போது வேகத்தைக் குறைத்தாலும் அவை பழைய முறைக்குத் தாமாகத் திரும்புவதில்லை. மெதுவான வேகத்தில் இரண்டு ஒழுங்குகளும் நிலையாக நிற்கின்றன. வேகம் கூடினால் ஒன்று தளர்ந்து மறைந்துபோகிறது. மாறுவதற்குச் சற்று முன்னால் விரல்கள் தள்ளாடுவதையும் கவனமாகப் பார்த்தால் காணலாம். லேசர் ஒளியில் அணுக்கள் எப்படி ஒன்றுசேர்கின்றன என்பதை ஆராய்ந்த ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெர்மன் ஹாக்கன், கெல்சோ, ஹெர்பர்ட் புன்ஸ் ஆகிய மூவரும் சேர்ந்து 1985இல் இந்த மாற்றத்தை ஒரே ஒரு சமன்பாட்டில் எழுதினார்கள். வகுப்பில் இந்தச் சோதனையைச் செய்து காட்டினால் நாற்பது பிள்ளைகளின் விரல்களும் ஏறத்தாழ ஒரே விதமாக மாறும். அந்த நேரத்தில் வகுப்பில் எழும் ஆரவாரம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

இந்தச் சோதனையில் என் மனத்தில் ஆழமாகத் தங்கியது, 'இப்போது மாறு' என்று மூளையின் எந்த அதிகாரியும் உத்தரவிடவில்லை என்பதுதான். விரல்கள், தசைகள், நரம்புகள் எல்லாம் ஒன்றையொன்று உணர்ந்து, சேர்ந்து ஒரு நிலையான ஒழுங்கில் போய் அமர்கின்றன. இதயத்தின் வலது மேலறையில் துடிப்பைத் தொடங்கி வைக்கும் பல ஆயிரம் செல்களிலும் தலைவன் என்று ஒரு செல் கிடையாது. 1990இல் ரிச்சர்ட் ஷ்மிட், கிளாடியா கரெல்லோ, மைக்கேல் டர்வி ஆகியோர், இரண்டு பேரை அருகருகே உட்கார வைத்து, ஒருவர் காலை மற்றவர் பார்த்துக்கொண்டே ஆட்டச் சொன்னபோது, விரல்களில் நேர்ந்த அதே மாற்றம் இரண்டு உடல்களுக்கிடையே பார்வையின் வழியாக மட்டுமே நேர்ந்தது. குளச்சல், மணவாளக்குறிச்சிக் கடற்கரைகளில் கரமடி வலையைக் கரையிலிருந்து இழுப்பவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. கயிற்றின் வழியாகவும் குரலின் வழியாகவும் அத்தனை பேரின் குதிகால்களும் மணலில் ஒன்றாகப் பதிவதை நாம் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறோம்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் சற்று நேரம் கருவியைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது செத்த தாளமாக்கும் மக்களே. குடத்துல அடிக்கியவன் பாட்டுக்காரன் மூச்சப் பாத்து அடிப்பான். இது யாரயும் பாக்காது" என்றார். கருவியைப் பற்றி இதுவரை நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் இது. வில்லிசையில் புலவர் ஒரு சொல்லை நீட்டினால் குடமும் உடுக்கையும் ஜால்ராவும் அந்த நீட்சிக்குள் தங்களை இழுத்துக்கொள்ளும். பிணைப்பு இரு பக்கமும் ஓடும். மெட்ரோனோம் ஒரு பக்கமாக மட்டுமே இழுக்கிறது. அவர் தடுமாறினால் அது காத்திருக்காது. ஆகவே, அவர் தாளத்தை விட்டுவிட்டால் துரத்திப் பிடிக்க முயலாமல், முழுவதுமாக நின்று, நான்கு தட்டுகள் கேட்டு, மறுபடி தொடங்க வேண்டும் என்பதை எங்கள் வீட்டு விதியாக வைத்துக்கொண்டோம்.

அழுத்த ஒலியையும் அவர்தான் சரிசெய்தார். கருவியில் முன்கூட்டியே அமைந்திருந்தது நான்கு தட்டுக்கு ஓர் அழுத்தம். அதை இரண்டுக்கு ஒன்று என்று மாற்றச் சொன்னார். அதிகம் இழுபடும் வலது காலுக்கு ஒவ்வொரு முறையும் கனமான ஒலி விழுகிறது. அந்தக் கால் இப்போது தரையை உரசாமல் எழுகிறது. நடைக்காக வாங்குபவர்கள் இந்த வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பார்த்து வாங்க வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒத்திசைவு கூடக் கூட உடலுக்கு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. பார்க்கின்சன் நடுக்கம் நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 முறை ஆடுகிறது. தனித்தனியே வேலை செய்ய வேண்டிய நரம்புச் செல் கூட்டங்கள் அளவுக்கு மீறி ஒரே தாளத்தில் பூட்டிக்கொள்வது இந்த நோயின் ஓர் அடையாளம். வலிப்பின்போதும் மூளையில் நடப்பது மிகையான ஒத்திசைவுதான். எரிக் ஃபான் ஹோல்ஸ்ட் என்ற ஜெர்மானிய உயிரியலாளர் மீன் துடுப்புகளை ஆராய்ந்து, ஒவ்வொரு துடுப்பும் மற்றதைத் தன் தாளத்துக்கு இழுக்கிறது, அதே நேரத்தில் தன் சொந்தத் தாளத்தையும் விடாமல் பிடிக்கிறது என்று கண்டார். சேர்வதும் விலகுவதும் ஒருசேர இருப்பதே நலமான மூளையின் இயல்பு என்று கெல்சோ பின்னாளில் எழுதியதும் இதன் தொடர்ச்சிதான். நான் ஊரில் இல்லாத நாட்களில் அப்பாவின் கை மடியில் ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பதாக அம்மா தொலைபேசியில் சொல்வார். ஆனால் பரணில் இருந்து குடத்தை இறக்கி, பத்தியைக் கையில் எடுத்து ஓங்கும் அந்த ஒரு கணத்தில் நடுக்கம் அடங்குவதை நான் பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஓய்வில் ஆடும் இந்த வகை நடுக்கம், நோக்கமுள்ள அசைவு தொடங்கும்போது தணிவது வழக்கம் என்று மருத்துவர் சொன்னார். அதைக் கண்ணால் பார்ப்பது வேறு.

கருவியின் குறைகளைச் சொல்கிறேன். பொத்தான்கள் மிகவும் சிறியவை. நடுங்கும் விரலால் ஒரு முறை தொட்டால் மூன்று முறை அழுந்திவிடுகிறது, 88 என்று வைத்தது 91 ஆகிவிடுகிறது. பொத்தான்களைப் பூட்டும் வசதி இல்லை. வீட்டுக்குள் ஒலி போதும். முற்றத்தில், காற்று வீசும் ஆனி ஆடியில், போதாது. காதொலிப்பான் போட்டால் கேட்கும். ஆனால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நடப்பது ஆபத்து என்பதால் ஒரு காதில் மட்டும் போடுகிறோம். அதிர்வாகத் தரும் கருவியாக இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். பேட்டரி, நாளுக்கு இருபது நிமிடப் பயன்பாட்டில், இரண்டு மாதத்துக்கு மேல் வந்தது.

கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் செயலிகள் போதாதா என்று சிலர் கேட்டார்கள். இரண்டு வாரம் அதையும் முயன்றோம். அழைப்பு வந்தால் தாளம் நின்றுவிடுகிறது. நடு அடியில் தாளம் அறுந்தால் அப்பாவின் கால் அங்கேயே உறைகிறது. புளூடூத் ஒலிபெருக்கியில் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் சிக்கல் இல்லை, தாமதம் சீராக இருக்கும்வரை தாளம் சீர்தான். ஆனால் இடையிடையே இணைப்பு விக்கும்போது அந்தச் சீர் போய்விடுகிறது. நோயாளிக்கு வேண்டிய ஒரே பொருள் நம்பத்தக்க அடுத்த தட்டு என்பதால், தனிக் கருவிக்குக் கொடுத்த 850 ரூபாய் தகும் என்பதே என் முடிவு.

எல்லாவற்றுக்கும் இது தீர்வாகாது. மாத்திரையின் வேகம் முழுவதும் இறங்கிய நேரத்தில் தட்டு கேட்டும் கால் எழுவதில்லை. அப்போது உட்கார வைப்பதே நல்லது. திரும்பும்போது ஏற்படும் தடுமாற்றத்துக்கும் இது பெரிதாக உதவவில்லை. அதற்குத் திண்ணையின் சிவப்புத் தரையில், ஓர் அடி இடைவெளியில் வெள்ளை ஒட்டுநாடாக் கோடுகளை விசிறி போல ஒட்டி, கோட்டைத் தாண்டித் தாண்டித் திரும்பச் சொன்னோம். கண்ணுக்குத் தெரியும் குறிகளும் காதுக்கு வரும் தட்டைப் போலவே வழிகாட்டுகின்றன. ஏற்கெனவே விழுந்தவர்கள், தலைச்சுற்றல் உள்ளவர்கள், நரம்பியல் மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் கேட்காமல் தாமாகத் தொடங்க வேண்டாம். முதல் சில வாரங்கள் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நடக்க வேண்டும். சாலையில் ஒருபோதும் வேண்டாம். தொடங்கும் வேகத்தை, யார் என்ன சொன்னாலும், நடப்பவரின் காலிலிருந்தே எண்ணி எடுங்கள்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, கருவியை 88இல் ஓடவிட்டு, அப்பா முற்றத்தின் கடைசியில் இருக்கும் செந்தென்னை வரை நடந்தார். திரும்பி வரும்போது அதை நிறுத்தச் சொன்னார். வலது கையால் தொடையில் குடத்தின் அடியைத் தட்டிக்கொண்டே, நானும் அம்மாவும் இரு பக்கமும் வர, திண்ணைப் படி வரை வந்து சேர்ந்தார். படிக்கு முன்னால் நின்று, "இப்பம் அத ஒண்ணு போடு மக்களே" என்றார். நான்கு தட்டு கேட்டுவிட்டு, ஐந்தாவதில் வலது காலை எடுத்து வைத்தார்.